முத்தியால்பேட்டையிலிருந்து சார்செலுக்கு: பிரான்ஸில் குடியேறப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜூலை மாத லீவுக்கு நான் புதுச்சேரி வந்து இறங்கிய மறுநாளே, முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் இரண்டு பேராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவருடைய பெண் கல்யாணமாகிப் பாரீஸ் போகிறாள். இன்னொருவருடைய பையன் மேல்படிப்புக்குப் போகிறான். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் போன் வரும். பாரீஸுக்கு வடக்கே இருக்கும் சார்செலுக்கு நான் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கேட்கிற ஆட்கள் மாறுகிறார்களே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. அவசரத்தில் வாயால் சொல்லும்போது ஏதாவது விட்டுப்போகிறது என்பதால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. நான் வாழ்வது பிரான்ஸில், அதனால் அங்கே நடப்பதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

“அக்கா, கிளம்பறதுக்கு முன்னாடி முதல்ல எதைச் சரி பண்ணணும்?”

உங்கள் பெயரைச் சரி பண்ணுங்கள். ஸ்வெட்டர், சூட்கேஸ் எல்லாம் பிறகு.

நமக்கு இனிஷியலும் பெயரும்தான். குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. பிரான்ஸில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதல் கட்டம் குடும்பப் பெயர், அடுத்த கட்டம் தன் பெயர். என் பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தது. அப்பா பெயரும் என் பெயரும் சேர்ந்து அடுத்த கட்டத்தில் ஒரே வரியாகக் கிடந்தன. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். மூன்றிலும் இருப்பது நான்தான் என்று நமக்குத் தெரியும். அங்கே கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். என் மருத்துவக் காப்பீட்டு ஃபைல் இந்த ஒரே காரணத்துக்காக மூன்று முறை திரும்பி வந்தது. நிரந்தர எண் கையில் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பதினான்கு மாதமும் டாக்டர் பீஸை முழுசாகக் கொடுத்துவிட்டு, ரசீதைத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். வயிற்றில் பிள்ளை வேறு.

அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டத்தையும் நிரப்பி வாங்குங்கள். இனிஷியலை முழுதாக விரித்து, எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்தில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்த சான்றிதழாக இருந்தால் பெயர் இடம் வெறுமையாக, ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ போய்ப் பெயரைச் சேர்த்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். அங்கே போனபின் செய்யலாம் என்று விட்டால் அப்பாவோ தம்பியோ மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். அப்பா, அம்மா இருவர் பெயரும் சான்றிதழில் இருப்பது கட்டாயம். கல்யாணத்தையும் பதிவு செய்துவிடுங்கள். பத்திரிகையும் ஆல்பமும் செல்லாது. பிறகு அப்போஸ்டில் முத்திரை, அதாவது நம் காகிதம் வெளிநாட்டிலும் செல்லும்படி அரசு வைக்கும் முத்திரை. அதற்காக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 2005 முதல் இந்தியா இருக்கிறது. கடைசியாக, சத்தியப் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெயர்ச் சிக்கல் புதிதல்ல. 1881 செப்டம்பரில் வந்த பிரெஞ்சு ஆணையின்படி, நம் ஊரில் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போனவர்கள் எல்லாரும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அதை முன்னின்று நடத்திய வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ என்று வைத்துக்கொண்டார். கதவு என்று அர்த்தம். நீங்கள் அந்தக் கட்டத்தில் எழுதப் போகும் பெயரைத்தான் உங்கள் பேரப்பிள்ளைகளும் சுமப்பார்கள். ஏஜென்ட் எழுதியதை அப்படியே விடாமல், வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர் இருந்தால் பள்ளிக்கூட வாசலில்கூடக் கேள்வி வரும்.

“எங்க தாத்தா சொல்தா. எனக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி தானா வருமா?”

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் பேரன் என்பதற்காகத் தானாக வராது. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. தாத்தா கேட்டாரா, கேட்ட காகிதம் இருக்கிறதா, அப்பாவின் பிறப்பும் கல்யாணமும் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறினவா என்பதுதான் கேள்வி. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவேடுகள் நாந்த் நகரில் இருக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்துகொண்டு, பிரெஞ்சுக்காரர் என்ற முறையில் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளாத குடும்பம், வம்சாவளியைக் காட்டி இப்போது நிரூபிக்கச் சட்டம் வழிவிடுவதில்லை. ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களிடம் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். முதலில் காகிதத்தோடு பிரெஞ்சுத் தூதரகத்தில் கேளுங்கள். அது நம் ஊரிலேயே இருப்பது பெரிய வசதி.

“டூரிஸ்ட் விசாவுல போய், அங்க வேலை தேடிக்கலாமா?”

வேண்டாம். அந்த விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், வேலை செய்ய அனுமதி இல்லை. மீறித் தங்கினால் சம்பளச் சீட்டு இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை, முதலாளி பணம் தராவிட்டால் தட்டிக் கேட்க வாய் இல்லை. அப்பா செத்தால் ஊருக்கு வரவும் முடியாது. அப்படி வர முடியாமல், போனில் சுடுகாட்டைப் பார்த்து அழுத பையன் ஒருவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

முறையான நீண்டகால விசாவில் போனவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒட்டி வரும் விசாவே தங்கும் அனுமதியாகவும் இருக்கும் வகை என்றால், போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். முடிகிற தேதிக்கு முன்பே புதுப்பிக்கவும் விண்ணப்பிக்க வேண்டும். என் சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பதில் இந்தத் தேதிகள்தான் வட்டமிட்டிருக்கும்.

“பிரெஞ்சு தெரியாம சமாளிக்க முடியுமா? இங்கிலீஷ் இருக்கே?”

ஐடி கம்பெனிக்குள் சமாளிக்கலாம். கம்பெனி வாசலுக்கு வெளியே முடியாது. தபால்காரர், பள்ளி ஆசிரியர், மருந்துக்கடை, வீட்டுத் தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வருபவர் எல்லாரும் பிரெஞ்சில்தான் பேசுவார்கள். இப்போது சட்டமும் கேட்கிறது. 2024 ஜனவரியில் வந்த சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் பல வருட அனுமதி அட்டை முதல்முறை வாங்கப் பிரெஞ்சில் ஏ2 நிலை (மொழித் தேர்ச்சி ஏ1-இல் தொடங்கி ஏ2, பி1, பி2 என்று ஏறும்) வேண்டும், பத்து வருட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. 1889-இலிருந்து நடக்கும் அல்லியான்ஸ் பிரான்சேஸ் நம் ஊரில் இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கும் ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான். விசா வரும்வரை வீட்டில் காத்திருக்கும் ஆறேழு மாதத்தில் ஏ1 முடித்துவிடலாம். கல்யாணமாகிப் போகிற பெண்களுக்கு இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கணவர் வேலைக்குப் போனபின் கதவு மணி அடித்தால், திறந்து பேச உங்களுக்கு வார்த்தை வேண்டும். அவர் வந்து பேசட்டும் என்று இருந்துவிட்டால் பத்து வருஷம் கழித்தும் டாக்டரிடம் உங்கள் உடம்பைப் பற்றி அவர்தான் பேசிக்கொண்டிருப்பார்.

“அங்க மனுஷங்க நல்லாப் பழகுவாங்களா?”

‘பொன்ழூர்’, அதாவது வணக்கம் என்ற ஒரு சொல்லில் பாதி அடங்கியிருக்கிறது. கடைக்குள், பஸ்ஸில், லிஃப்டில், டாக்டர் காத்திருப்பு அறையில் நுழைந்தவுடன் அதைச் சொல்ல வேண்டும். நான் போன முதல் வாரம் ரொட்டிக் கடையில் ‘ஒரு பகெத்’ என்று கேட்டேன். அந்த அம்மாள் ரொட்டியை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்து, அழுத்தி ‘பொன்ழூர் மதாம்’ என்றாள். கோபக்காரி என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நம் வீட்டுக்கு ஒருவர் வந்து ‘வாங்க’ என்பதற்கு முன்பே சோறு கேட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அவளுக்கும். மறுநாளிலிருந்து சொன்னேன். இப்போது என் பெண்ணுக்கு ரொட்டி முனையைக் கிள்ளித் தருகிறவள் அவள்தான்.

மற்றபடி, கேட்காமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, சம்பளம் கேட்கக் கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. நிறம் பார்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. வாடகை வீடு தேடும்போது அது தெரியும். பக்கத்து வீட்டுக் கிழவி என் பிரசவத்தின்போது பத்து நாள் சூப் கொண்டுவந்து கொடுத்ததும் அதே ஊரில்தான்.

“வீடு கிடைக்கறது கஷ்டமா?”

கஷ்டம்தான். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். அதோடு உங்கள் வாடகைக்கு ஜாமீன் நிற்க பிரான்ஸில் சம்பாதிக்கும் ஒருவரையும் கேட்பார்கள். ஆள் இல்லாத இளைஞர்கள், ஜாமீன் நிற்கும் ‘விசால்’ என்ற இலவசத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பணம் சட்டப்படி காலி வீட்டுக்கு ஒரு மாத வாடகை, சாமான் உள்ள வீட்டுக்கு அதிகபட்சம் இரண்டு மாதம். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது ஆறுதல். சாவி வாங்கும் அன்று வீட்டின் நிலையைக் குறித்து இருவரும் கையெழுத்திடுவார்கள். சுவரில் கீறல், தரையில் கறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எழுதச் சொல்லுங்கள். காலி செய்யும்போது முன்பணம் அதைப் பார்த்துத்தான் திரும்பும். வீட்டுக் காப்பீடும் வாடகைக்காரர் பொறுப்பு.

“குளிர் தாங்க முடியுமா?”

குளிர் தாங்கலாம். ஜனவரியில் பாரீஸ் சராசரி ஐந்து டிகிரிதான், வீட்டுக்குள் கணப்பு ஓடும். கோட்டை அங்கேயே வாங்குங்கள். இங்கே வாங்குவது அந்தக் காற்றுக்கு நிற்காது. தடிமனாக ஒன்று போடுவதைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு போடுவது நல்லது. செருப்பு சரியில்லை என்றால் எத்தனை கோட் போட்டாலும் குளிரும்.

தாங்க முடியாதது இருட்டு. டிசம்பரில் சூரியன் வர காலை எட்டே முக்காலுக்குப் பக்கமாகும், மாலை ஐந்துக்குள் போய்விடும். பள்ளி எட்டரைக்கு. மூன்று வயதில் என் பெண் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவள், ‘அம்மா, ராத்திரியில எதுக்கு ஸ்கூல்?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கடற்கரைச் சாலையில் காலை ஆறு மணிக்கே வெயில் முகத்தில் அடிக்க வளர்ந்தவள் நான். முதல் குளிர்காலம் முழுவதும் காரணமே இல்லாமல் அழுதேன். மாமியார் வீட்டில் பிரச்சினை என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். அது வெளிச்சம் இல்லாததால் வரும் சோர்வு என்று டாக்டர்தான் சொன்னார். வைட்டமின் டி எழுதிக் கொடுத்து, பகலில் மேகமாக இருந்தாலும் அரை மணி நேரம் வெளியே நடக்கச் சொன்னார். புதிதாக வருகிற பெண்களிடம் நவம்பரிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்: உனக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா, மார்ச்சில் சரியாகும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பிள்ளைகளைத் தூங்கவைக்கத் திரை போட வேண்டியிருக்கும்.

“நம்ம சாப்பாடு கிடைக்குமா?”

கிடைக்கும். பாரீஸ் லா ஷப்பல் பகுதியில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கமாக நடந்தால் தமிழில் பெயர்ப்பலகை போட்ட கடைகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் ஈழத்தமிழர்களின் கடைகள். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பொன்னி அரிசி, வாழைப்பூ எல்லாம் இருக்கும். விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காமல் வாங்கப் பழக வேண்டும். அவர்கள் பேசும் தமிழ் முதலில் காதுக்குப் புதிதாக இருக்கும். ‘கதைப்பம்’ என்றால் பேசலாம், ‘பாண்’ என்றால் ரொட்டி. எனக்கு அங்கே முதல் உதவி செய்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். தன் நாட்டைப் பறிகொடுத்து வந்தவர், ஊருக்குப் போன் பண்ண எனக்கு அட்டை வாங்கிக் கொடுத்தார்.

மீனுக்குத்தான் ஏங்குவீர்கள். கடலூர் துறைமுகத்தில் வாங்கிய நாக்குக்கு ஐஸ் பெட்டி வஞ்சிரம் பிடிக்காது. சனிக்கிழமைச் சந்தையில் பிரெஞ்சுக்காரர்கள் ‘மக்ரோ’ என்று விற்பது நம் கானாங்கத்தைக்குச் சொந்தம்; மத்தியும் வரும். இரண்டும் மலிவு, குழம்புக்கு நன்றாக இருக்கும்.

குளிரில் இட்லி மாவு பொங்காது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அரைத்த மாவை ஓவனுக்குள் வைத்து, சூடு போடாமல் உள்ளே இருக்கும் சின்ன விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் படுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கும். கடுங்குளிரில் இன்னும் நாலு மணி நேரம் கூடும். மூடியை எடுக்கும்போது வரும் அந்தப் புளிப்பு வாசனைக்கு நான் காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவையுங்கள்.

“உடம்புக்கு வந்தா?”

அவசரத்துக்கு 15 அல்லது 112. மற்றபடி உங்களுக்கென ஒரு குடும்ப டாக்டரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2024 டிசம்பர் முதல் அவருடைய பீஸ் 30 யூரோ. அதில் 70 சதவீதத்தை அரசுக் காப்பீடு தரும், இரண்டு யூரோ பிடித்துக்கொள்ளும். மீதிக்கு வேலை செய்யும் இடத்தில் துணைக் காப்பீடு இருக்கும். ‘கார்த் வித்தால்’ என்ற பச்சை அட்டை வந்தபின் எல்லாம் எளிது. வேலையில் சேர்ந்தவருக்கு உரிமை அன்றே தொடங்கும். வேலையில்லாமல் வருபவருக்கு மூன்று மாதம் தங்கியபின். அதுவரை ஊரிலிருந்து காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள், போடமாட்டார்கள்.

“பிள்ளைங்க படிப்பு?”

2019 முதல் மூன்று வயதிலிருந்து கல்வி கட்டாயம். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, மதிய உணவுக்கு வருமானத்தைப் பார்த்துப் பணம் வாங்குவார்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்றுத்தரத் தனி வகுப்பு உண்டு, பயப்பட வேண்டாம். 2004 சட்டப்படி அரசுப் பள்ளியில் மதத்தை எடுப்பாகக் காட்டும் அடையாளம் கூடாது. கழுத்தில் சின்ன டாலர் இருக்கலாம்.

தமிழ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சனி, ஞாயிறுகளில் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. அதைவிட முக்கியம், வீட்டில் நீங்கள் தமிழில் பேசுவது. பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் தானாக வந்துவிடும். தமிழ் உங்கள் வாயிலிருந்து மட்டும்தான் வரும்.

“சம்பளம் மிஞ்சுமா?”

சொல்லும் சம்பளத்தில் சுமார் கால்பங்கு சமூகக் காப்பீட்டுக்குப் போய்விடும். வருமான வரியும் 2019-இலிருந்து மாதாமாதம் பிடிக்கிறார்கள். கையில் வருவதைக் கேட்டுக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். சட்டப்படி வாரம் 35 மணி நேர வேலை, வருஷத்துக்கு ஐந்து வாரச் சம்பள லீவு. பாரீஸ் வட்டாரத்தில் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும் ‘நவிகோ’ மாத அட்டை 2025-இல் 88.80 யூரோவாக இருந்தது; அட்டை விலையில் பாதியை முதலாளி தர வேண்டும். முதல் வருஷம் ஊருக்குப் பணம் அனுப்புவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

“அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?”

சுற்றிப் பார்க்க அழைக்கலாம். நீங்கள் வசிக்கும் ஊரின் ‘மேரி’ என்ற நகராட்சி அலுவலகத்தில் அழைப்புச் சான்று வாங்க வேண்டும், பெற்றோருக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். மே முதல் ஆகஸ்ட் இறுதிக்குள் அழையுங்கள். ஆகஸ்ட் கடைசியில் லா ஷப்பல் மாணிக்க விநாயகர் கோயில் தேர் வரும்; 1985-இல் தொடங்கிய கோயில். பாரீஸ் தெருவில் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பதைப் பார்த்து என் மாமனார் வில்லியனூர்த் தேர் ஞாபகம் வந்து கண் கலங்கினார். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தமிழில் பூசையும் உண்டு.

“பெட்டியில எதைக் கொண்டு போகலாம்?”

இறைச்சி, பால் பொருள் எதுவும் கூடாது. நெய், பால்கோவா, பால் இனிப்பு எல்லாம் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்குப் பயிர்நலச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் காயவைத்துப் பொடியாக்கி எடுத்துப்போங்கள். தேங்காய், வாழைப்பழம் போகலாம். கருவாடும் அளவுக்குள் போகலாம். நான்கு சுற்று பிளாஸ்டிக் சுற்றுங்கள், விமானத்தில் பக்கத்தில் இருப்பவரை நினைத்து. குண்டு மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, மின்சாரம் மட்டும் நம்முடையதுபோல் 230 வோல்ட்தான். கிரைண்டர், மிக்ஸிக்கு இணைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

“ஊருக்கு எந்த நேரத்துல போன் பண்றது?”

குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். நான் வேலை முடிந்து வரும்போது அம்மா தூங்கியிருப்பார். அதனால் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். முத்தியால்பேட்டையில் அப்போது பதினொன்றரை. அம்மா போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்துவைத்துவிட்டுச் சமைப்பார். நான் இருட்டில் நின்று பிள்ளைக்குக் கோட் மாட்டிக்கொண்டே கேட்பேன். கடுகு வெடிக்கும் சத்தம் வந்ததும், ‘இரு, தாளிச்சுட்டு வரேன்’ என்பார். நான் போனை வைக்காமல் இருப்பேன்.